ஓடத்துறைச் சந்தில் கதவு திறந்திருந்த நான்கு நாட்கள்

1. வகுப்பறை வாசலில்

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏழாம் வாய்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். இறந்துவிட்டார் என்று நானே எழுதிக்கொடுத்திருந்த ஒரு பெண் வகுப்பறை வாசலில் வந்து நின்றார்.

“டீச்சர், நான் செத்துப்பூட்டேனாமே? எனுக்கே ஒரு வார்த்த சொல்லல?”

பிள்ளைகள் சிரித்தார்கள். நான் சாக்பீஸை வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன். அவர் பெயர் அஞ்சலை. நாற்பத்தைந்து வயதிருக்கும். அபிராமபுரத்துக்குப் பின்னால், அடையாற்றங்கரையில் இருக்கும் ஓடத்துறைச் சந்தில் குடியிருப்பவர். அவர் கையில் வரைவு வாக்காளர் பட்டியலின் ஜெராக்ஸ் இருந்தது. நீக்கப்பட்டவர்கள் பக்கத்தில் அவர் பெயருக்கு எதிரே ‘இறப்பு’ என்று அச்சாகியிருந்தது. அதே சந்தில் இன்னும் நாற்பது பேருக்கு எதிரே ‘குடிபெயர்ந்தார்’ என்றிருந்தது. அத்தனையும் என் கையெழுத்தில் போன ரிப்போர்ட்.

நான் மாநகராட்சிப் பள்ளி ஆசிரியை. அதோடு பதினொரு வருடம் பி.எல்.ஓ. வேலையும் பார்த்தேன். வாக்குச்சாவடி நிலை அலுவலர் என்பது அதன் விரிவு. பெயரில்தான் அலுவலர், உண்மையில் ஒரு பை, பைக்குள் பட்டியல், காலில் செருப்பு, அவ்வளவுதான். நமக்கு ஒதுக்கிய தெருக்களில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று வீடு வீடாகப் பார்த்து எழுத வேண்டும். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். இதில் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல அதிகம் இல்லை.

2. விரல் காட்டிய திசை

நான் கொஞ்சம் கனவில் நடக்கிற ஆள். “உன்னை பால் வாங்க அனுப்பினா நிலாவைப் பாத்துட்டுத் திரும்பி வருவே” என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். பட்டியலோடு நடப்பது எனக்குப் பிடித்த வேலை. பெயர்களை முணுமுணுத்துக்கொண்டே போவேன். தனக்கோடி, செல்வி, குப்பம்மாள், மேரி, தேசம்மா. தேசம்மா என்று பெயர் வைத்த தகப்பன் யாராக இருக்கும் என்று யோசித்துக்கொண்டு இரண்டு வீட்டைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்திருக்கிறேன்.

அது மழைக்காலம். காலை பதினோரு மணிக்கு ஓடத்துறைச் சந்தில் ஒரு சத்தமும் இருக்காது. மேகத்துக்குள்ளிருந்து வெளிச்சம் பாலாடை மாதிரி மெல்லியதாக விழும். ஆறு நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாது. பக்கத்து அடுக்குமாடிகள் அந்தத் தண்ணீரில் தலைகீழாக நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டு நின்றால் எதற்காக வந்தோம் என்பதே மறந்துவிடும். சந்தில் பாதி வீடுகள் ஏற்கெனவே இல்லை. அவற்றை இடித்து, அங்கிருந்தவர்களை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக் குடியிருப்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மீதி வீடுகளில் வரிசையாகப் பூட்டு தொங்கியது.

சந்து முனையில் பூவரச மரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவர் கோதண்டன். அறுபத்தைந்தைத் தாண்டியவர். பகலில் அங்கே கண்ணில் படும் ஒரே ஆள் அவர்தான். அவரிடம் கேட்டேன்.

“செல்வி வீட்ல யாரும் இல்லையா?”

“பூட்டாங்க மேடம்.”

“தனக்கோடி?”

“அவுங்களும் பூட்டாங்க.”

சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ‘இருக்காங்க’ என்பது இங்கே ‘கீறாங்க’ ஆனது மாதிரி, ‘போய்விட்டாங்க’ என்பதும் வாயில் உருண்டு தேய்ந்து ‘பூட்டாங்க’ ஆகியிருக்கிறது. கடைக்குப் போனாலும் பூட்டாங்க, ஊரை விட்டுப் போனாலும் பூட்டாங்க, உலகத்தை விட்டுப் போனாலும் பூட்டாங்கதான். எனக்கு அந்தச் சொல் நன்றாகத் தெரியும். எங்கே போனார்கள் என்று மட்டும் நான் கேட்கவில்லை. பாதிச் சந்து பெரும்பாக்கம் போயிருக்கிறதே, மீதியும் அங்கேதான் போயிருக்கும் என்று மனசு தானாகவே முடித்துக்கொண்டது. வரிசையாக ‘எஸ்’ போட்டேன். எஸ் என்றால் ஷிஃப்டட்.

அஞ்சலை பெயரைச் சொன்னதும் கோதண்டன் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். ஒரு விரலை வானத்தை நோக்கிக் காட்டினார்.

“அஞ்சலையா? மேல பூட்டா மேடம்.”

“ஐயோ பாவம்” என்று சொல்லி ‘டி’ போட்டேன். டி என்றால் டெட். அவர் விரல் காட்டியது பக்கத்து அடுக்குமாடியின் ஏழாவது மாடி. அஞ்சலை அந்த நேரத்தில் அங்கே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. கதவு பூட்டியிருந்தால் மூன்று தடவை போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. நான் இரண்டு தடவை போனேன், இரண்டும் பகலில். மூன்றாவது தடவை போகவேண்டிய அன்று மழை கொட்டியது. போகாமலே ஒரு தேதியைப் போட்டுக் கையெழுத்தும் போட்டேன். காதில் விழுந்ததைத் தப்பாகப் புரிந்துகொண்டது ஒரு பிழை. இதைப் பிழை என்று சொல்ல முடியாது, பொய்.

3. குடம்

அஞ்சலையை அழைத்துக்கொண்டு மண்டல அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி கெட்டவர் இல்லை. தூக்கம் போதாத முகம், மேசை முழுக்க ஃபைல்.

“டீச்சர், அப்லோட் ஆயிடுச்சு. இவங்க பேர் சேர்க்கச் சொல்லி புதுசா படிவம் ஆறு போடட்டும்.”

“போட்டோம் சார். டோர் நம்பர் கேட்டு ரிஜெக்ட் பண்ணுது. சந்துல பாதி இடிச்சதுல நம்பரே மாறிக் கிடக்கு.”

“அப்ப நான் என்ன பண்றது? ஆள் இல்லைன்னு ஃபீல்டு ரிப்போர்ட் இருக்கே?”

அதுவரை சும்மா நின்ற அஞ்சலை பேசினார்.

“சார், தண்ணி லாரி வர்ற லைன்ல குடத்த வெச்சிட்டு பூடுவோம். குடம் கீதுன்னா ஆளு கீதுன்னு அர்த்தம். சண்டக்காரியோட குடமா இருந்தாகூட எவளும் நகத்த மாட்டா. நீங்க இன்னாடான்னா, பூட்டு தொங்குது, ஆளு இல்லன்னு எங்க குடத்த தூக்கி ஆத்துல போட்டுட்டீங்க.”

அதிகாரி கையிலிருந்த ஃபைலை மூடினார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“மறு சரிபார்ப்புக்கு நான் நேர்ல வரணும்னா ஒரே வழிதான் இருக்கு. மூணு தடவை போனது சரியில்லைன்னு நீங்க எழுதிக் கொடுக்கணும். கொடுத்தா உங்க மேல மெமோ வரும். ரிடயர்மென்டுக்கு எவ்வளவு இருக்கு?”

“ஒன்றரை வருஷம்.”

“யோசிங்க. ஆட்சேபணைக்குக் கடைசித் தேதி இன்னும் எட்டு நாள்ல.”

வெளியே வந்ததும் “இன்னா சொன்னாரு?” என்று அஞ்சலை கேட்டார். “பாக்கலாம்னு சொல்றார்” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், பயம்தான். வேறு காரணம் இல்லை.

4. வேலைக்குப் போகாத காலை

மறுநாள் விடியற்காலை தண்ணீர் வரிசையிலேயே அவர்கள் முடிவெடுத்துவிட்டார்கள். கூட்டம் போடவில்லை, நோட்டீஸ் அடிக்கவில்லை. லாரி வருவதற்குள் குடத்துக்குக் குடம் பேச்சு போய்ச் சேர்ந்துவிட்டது. முடிவு இதுதான்: பூட்டிவிட்டுப் போனால் ஆள் இல்லை என்று எழுதுகிறார்கள், அதனால் யாரும் பூட்டப்போவதில்லை. அதிகாரி வந்து கண்ணால் பார்க்கும்வரை, காலை ஆறிலிருந்து மாலை ஆறுவரை, எல்லோரும் அவரவர் வீட்டில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. கோஷம் இல்லை, மறியல் இல்லை, யாரோடும் சண்டை இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் அந்தக் கதவையும் பார்த்துக்கொள்வார்.

பள்ளி விட்டதும் போனேன். சந்தை எனக்கு அடையாளமே தெரியவில்லை. இரண்டு பக்கமும் கதவுகள் திறந்து கிடந்தன. ஒவ்வொரு வாசலிலும் ஒரு பெண், சில வாசல்களில் கணவனும் மனைவியும். ஒருத்தி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒருத்தி மகளுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். தேசம்மா கிழிந்த புடவையைத் தைத்துக்கொண்டிருந்தாள். ஏதோ பண்டிகைக்கு முந்தின நாள் மாதிரி ஒரு சோம்பலும் அமைதியும் அந்த இடத்தில் இருந்தன.

முதல் நாளே ஒரு கட்சிக்காரர் மைக் செட்டோடு வந்தார். டீ கொடுத்து, கொடியை வெளியே வைத்துவிட்டு வேண்டுமானால் உட்காரலாம் என்றார்கள். அவர் டீ மட்டும் குடித்துவிட்டுப் போனார். இரண்டாம் நாள் ஒரு போலீஸ்காரர் வந்தார்.

“என்னம்மா, போராட்டமா? பர்மிஷன் வாங்கினீங்களா?”

“எங்க ஊட்ல நாங்க குந்திகினு கீறோம் சார். இதுக்கு யாராண்ட பர்மிஷன் வாங்கணும்?” என்றார் அஞ்சலை.

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். நோட்டில் என்ன எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் ஒன்றும் எழுதாமலே போனார்.

வீட்டு வேலைக்கு ஆள் வராமல் அந்தப் பக்கம் அடுக்குமாடிகளில்தான் நிலைமை தலைகீழாகிவிட்டது. செல்விக்கு வேலை போயிற்று; அவள் வேலை செய்த வீட்டில் உடனே வேறு ஆள் வைத்துவிட்டார்கள். செல்வி அன்று நிறைய அழுதாள். ஆனாலும் கதவைச் சாத்தவில்லை. அதைப் பார்த்தபோது என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

5. ஏழாவது மாடியிலிருந்து

மூன்றாம் நாள் சனிக்கிழமை. எனக்கு விடுமுறை. காலையிலேயே அஞ்சலை வீட்டில் போய் உட்கார்ந்தேன். ஒரே அறை. தகரக் கூரையில் ஆணி அடித்த துவாரங்கள் வழியாக வெயில் பொட்டுப் பொட்டாக எதிர்ச் சுவரில் விழுந்து, மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“இந்த ஊட்டுக்கு வந்து இருவது வருசம் ஆவுது டீச்சர். பதினோரு மணிக்கு இங்க வெயிலு எப்பிடி விழும்னு இப்பத்தான் பாக்கறேன். மத்தவங்க ஊட்டு வெயிலு எல்லாம் எனுக்குத் தெரியும். எந்த ஜன்னல்ல எப்ப வரும், எப்ப துணி காய வெக்கணும்னு தெரியும். என் ஊட்டுது தெரியல.”

அவர் இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆச்சரியமாகச் சொன்னார். சுவரில் இருந்த பொட்டு வெளிச்சம் அவர் கன்னத்துக்கு வந்து, கழுத்துக்கு இறங்கியது. அந்த மூன்று நாளில் அவர் என்னிடம் ஒரு தடவைகூட “நீதானே எழுதினே” என்று கேட்கவில்லை. திட்டியிருந்தால் நானும் திருப்பி ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அவர் எனக்குத் தப்பிக்க வழியே விடவில்லை.

அப்போதுதான் வைதேகி மாமி வந்தார். அஞ்சலை வேலை செய்யும் ஏழாவது மாடி வீட்டுக்காரர். சேறு படாமல் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க நின்றார்.

“என்னடி அஞ்சலை, எங்காத்துல பாத்திரம் மலையா குவிஞ்சு கெடக்கு. நீ பாட்டுக்கு இங்க ஒக்காந்துண்டு இருக்கே?”

“நான் செத்துட்டேனாம் மாமி. செத்தவ எப்பிடிப் பாத்திரம் தேய்ப்பா?”

மாமிக்கு முதலில் புரியவில்லை. அஞ்சலை ஜெராக்ஸைக் காட்டினார். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார்.

“இது என்ன அநியாயம்! பதினாலு வருஷமா தெனம் ஆறே காலுக்கு எங்காத்து மணியடிக்கறவ நீ. எந்த மகானுபாவன் எழுதினான் இதை?”

அஞ்சலை என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். என் பெயரைச் சொல்லப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்தது.

“நான்தான் மாமி எழுதினேன்” என்றேன். “விசாரிக்காம எழுதிட்டேன்.”

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “வாத்தியாரம்மாதானே நீங்கோ? பசங்க தப்புக் கணக்குப் போட்டா என்ன சொல்வேள்? அழிச்சுட்டு மறுபடி போடுன்னுதானே?”

அவ்வளவுதான். அன்று மத்தியானமே மாமி அடுக்குமாடிச் சங்கத்தில் எல்லோரையும் உட்கார வைத்துவிட்டார். அன்று மாலை வீட்டுக்கு ஒன்றாகக் கடிதங்கள் வந்தன. ‘இவர் எங்கள் வீட்டில் இத்தனை வருடமாக வேலை செய்கிறார், ஓடத்துறைச் சந்திலிருந்துதான் தினமும் வருகிறார்’ என்று கையெழுத்தோடு. செல்விக்குப் பதில் ஆள் வைத்த வீட்டுக்காரரும் ஒன்று எழுதினார். வேலையை மட்டும் திருப்பித் தரவில்லை.

நான் அஞ்சலை வீட்டுத் தரையில் உட்கார்ந்தே என் கடிதத்தை எழுதினேன். மூன்றாவது தடவை போகவில்லை, போனதாகப் பொய்யாகத் தேதி போட்டேன் என்று இரண்டு வரி. எழுதி முடித்ததும் அஞ்சலை ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். ஞாயிறு என்று பார்க்காமல் மறுநாள் காலையில் அதிகாரியின் வீட்டுக்கே போய்க் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, “சாயந்திரம் வரேன், பட்டியலோட இருங்க” என்றார்.

6. பெயர் கூப்பிட்டோம்

நான்காம் நாள் மாலை நாலரை மணி. மழை விட்டு வானம் வெளிறிக் கிடந்தது. அதிகாரி பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு சந்து முனையில் வந்து நின்றார். வீடு வீடாக ஏறி இறங்குவதற்குப் பதிலாக, “டீச்சர், நீங்க பேரைக் கூப்பிடுங்க, நான் டிக் பண்றேன்” என்றார்.

முப்பது வருடமாக வருகைப் பதிவேடு படித்த குரல் எனக்கு. முதல் பெயரைக் கூப்பிட்டேன்.

“தனக்கோடி.”

“கீறேன்!”

“செல்வி.”

“கீறேன் டீச்சர்!”

“தேசம்மா.” “கீறேன்.” “மேரி.” “கீறேன்.” ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வாசலிலிருந்து குரல் வந்தது. சிலர் எழுந்து நின்று சொன்னார்கள், சிலர் கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னார்கள். அஞ்சலை பெயரைக் கூப்பிட்டபோது, “செத்துப் பொழைச்சி வந்து கீறேன்” என்றார். அதிகாரியே சிரித்துவிட்டார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எழுத்து மங்கியதால் நிறுத்தி நிறுத்திப் படித்தேன்.

நீக்கியவர்கள் பட்டியல் முடிந்தது. “நீக்காத பேரையும் ஒரு தடவை படிச்சிடுங்க, ஃபுல்லா கிளியர் பண்ணிடலாம்” என்றார் அதிகாரி. அது சின்னப் பட்டியல். கோதண்டன், கீறேன். அடுத்து, “முனியம்மா, கணவர் பெயர் கோதண்டன்.”

பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். வாசல்களில் இருந்த பெண்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கோதண்டன் அணைந்த கரிப்பெட்டியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஊட்ல கீறா” என்றார் மெதுவாக.

எனக்கு நினைவு வந்தது. கணக்கெடுப்பின்போதும் அவர் இதையேதான் சொல்லியிருந்தார். எட்டிப் பார்க்காமல் நானும் எழுதிக்கொண்டேன். இப்போது அவர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். சுவரில் மாலை போட்ட படம் இருந்தது. மாலை வாடவில்லை, அன்று காலையில்தான் மாற்றியிருக்கிறார்.

அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவரிடம் அந்த அளவு மனுஷத்தனம் இருந்தது. அஞ்சலை எழுந்து கோதண்டனிடம் போனார்.

“நைனா, அத்த அடிச்சிடச் சொல்லு.”

“ஒரு பேரு தானேம்மா. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போட்டும். அவ யாருக்கு இன்னா கெடுதி பண்ணா?”

“அவ பண்ணல நைனா. அந்தப் பேர வெச்சிகினு நாளைக்கு வேற எவளாச்சும் போய் ஓட்டு குத்திட்டு வருவா. நாலு நாளா இன்னா சொல்லிகினு குந்தினு இருந்தோம்? கீறவங்கள இல்லன்னு எழுதாதேன்னு தானே? இல்லாதவங்கள கீதுன்னு நாமளும் சொல்லக் கூடாது.”

கோதண்டன் ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு “எங்க கையெழுத்துப் போடணும் மேடம்?” என்றார். ஏழாம் எண் படிவத்தை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். பெயர் நீக்கக் கோருபவர் என்ற இடத்தில், பெட்டி பிடித்துப் பழகிய கையால், ஒவ்வொரு எழுத்தாக அழுத்திக் கையெழுத்துப் போட்டார். அந்தச் சந்திலிருந்து ஒருவர் எழுதிக் கேட்டு நீக்கிய பெயர் அது ஒன்றுதான்.

நாற்பத்தோரு பெயரும் இறுதிப் பட்டியலில் வந்தன. எனக்கு மெமோ வந்தது, ஒரு இன்கிரிமென்டும் நின்றது. அது சரியான தண்டனைதான். செல்விக்கு வேறு வேலை கிடைக்க இரண்டு மாதம் ஆயிற்று.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். சாயங்காலம் போங்கள். போகாத இடத்துக்குத் தேதி போடாதீர்கள். ஜனநாயகத்தைக் காப்பாற்றுகிறவர்கள் என்று பெரிய பேச்சு கேட்கும்போதெல்லாம் நான் கோதண்டனை நினைத்துக்கொள்கிறேன். மனைவியின் பெயர் கடைசியாக அச்சில் இருந்த இடம் அந்தப் பட்டியல்தான் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கையெழுத்துப் போட்டார்.